நியூட்ரலில் எழுபது நிமிடங்கள்

என் தம்பி மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு மாடி அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே, ஒரு கார் இன்ஜினின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். டொயோட்டாவின் 2ஜேஇசட். 1990களில் சுப்ரா காரில் வந்த, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் இன்ஜின். சினிமாவும் வீடியோ கேமும் சேர்ந்து அதை ஊர் உலகத்துப் பையன்களின் குலதெய்வம் ஆக்கிவிட்டன. ஒருநாள் காபி கொடுக்கப் போனபோது, "இது எத்தனை சிசி?" என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, விடுங்க அத்தை" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

நான் விடவில்லை. 2,997 சிசி. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 24 வால்வு. டர்போ வைத்ததற்கு ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று போட்டார்கள். அது இன்ஜினின் அளவு இல்லை, கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அளவு. 280-க்கு மேல் யாரும் காகிதத்தில் காட்டுவதில்லை என்று அங்குள்ள கார் கம்பெனிகள் 2004 வரைக்கும் பேசி வைத்திருந்தன. ஏறக்குறைய அதே இன்ஜின் கப்பலேறி வெளிநாடு போனதும் 320 ஆகிவிட்டது. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் காபியை மறந்துவிட்டிருந்தான். "நர்ஸா இருந்துட்டு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றான். சவுதியில் கற்றுக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். அங்கே எதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன் என்பது நீளமான கதை.

1994இல் எனக்கு 26 வயது. சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், ஹோஃபுஃப் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நர்ஸாகப் போனேன். இந்த வீட்டின் கீழ்த்தளம் அந்தச் சம்பளத்தில் எழும்பியது. அப்போது கீழ்க்கட்டளையில் மனை வாங்கியவர்களைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். இன்றைய ரேடியல் ரோடு இல்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் எது வயல், எது மனை என்று மழைக்காலத்தில் சொல்ல முடியாது. மாதா மாதம் டிராஃப்ட் அனுப்பினேன், அம்மா நின்று வீட்டைக் கட்டினாள். அது வேறு கட்டுரைக்கு.

மருத்துவமனைக்குப் பல கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பாலைவனத்துக்குள் இருக்கும் தொழிலாளர் முகாம்களுக்கு நாங்கள் போய் ரத்தம் எடுக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும். போகிற வண்டி வெள்ளை நிற லேண்ட் குரூசர், 80 என்று சொல்வார்கள் அந்த வரிசையை. அதன் பின்சீட்டில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த இன்ஜினின் பெயர் 1எஃப்இசட்-எஃப்இ. 1992இல் வந்தது. யாரும் படம் எடுத்துச் சுவரில் ஒட்டாத இன்ஜின். சுப்ராவின் இன்ஜின் பந்தயத்துக்குப் போனது, இது வேலைக்குப் போனது.

4,477 சிசி. சிலிண்டர் விட்டம் 100 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 95. இதுவும் வரிசையாக ஆறு சிலிண்டர், 24 வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். பெல்ட் கிடையாது, டைமிங் செயின். சுமார் 212 குதிரைத்திறன், அதுவும் 4,600 சுற்றிலேயே வந்துவிடும். இழுவைத் திறன் 373 நியூட்டன் மீட்டர், 3,200 சுற்றில். எண்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும் ஒரு குணத்தைச் சொல்லும். இந்த இன்ஜின் கத்தாது, அவசரப்படாது. குறைந்த சுற்றிலேயே பாரத்தை இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு குறைவான திறனைக் கேட்டால் எந்த உறுப்பும் தேய்வதற்குக் காரணம் இருக்காது. நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் இதுதான், மந்திரம் ஒன்றுமில்லை. பெட்ரோலைக் குடிக்கும், லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். தண்ணீரைவிடப் பெட்ரோல் மலிவான ஊரில் அதை யார் கேட்டார்கள்?

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டிரைவர். ராமநாதபுரம் பக்கம். நாங்கள் "அண்ணே" என்போம், அவர் எல்லோரையும் "சிஸ்டர்" என்பார். எட்டாவது வரை படித்தவர். முகாமில் வேலை முடியும்வரை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் ஒரு 50 ஹலாலா காசை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். விழவில்லை. ஏன் விழவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி பிடித்துவிட்டது. அதுவரை அவரிடம் யாரும் "எப்போ கிளம்பலாம்?" என்பதைத் தவிர வேறு கேட்டதில்லையாம்.

காரணம் இதுதான். ஆறு பிஸ்டன்களில் ஒன்றாவதும் ஆறாவதும் சேர்ந்து ஏறி இறங்கும், இரண்டாவதும் ஐந்தாவதும் சேர்ந்து, மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து. இந்த மூன்று ஜோடிகளும் கிராங்க் ஷாஃப்டில் 120 பாகை இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு ஜோடி மேலே எறிகிற விசையை மற்ற இரண்டும் அந்தக் கணத்திலேயே வாங்கிக்கொள்கின்றன. வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. கிராங்க் ஷாஃப்ட் 120 பாகை திரும்பும்போதெல்லாம் எங்கோ ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ளுகிறது, இடைவெளியே இல்லை. நம் ஊர்க் கார்களில் இருக்கிற நாலு சிலிண்டரில் ஒரு நடுக்கம் மிச்சம் நிற்கும், அதை ரப்பர் வைத்து அடக்குவார்கள். வரிசை ஆறில் அடக்க ஒன்றும் இல்லை. பிறகு ஏன் அது பல கார்களிலிருந்து மறைந்தது? நீளம். முன்சக்கர இழுவைக் காரில் குறுக்காக வைக்க இடம் போதாது. விபத்தில் நசுங்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புப் பாளம் நீண்டு கிடப்பதும் வசதியில்லை. அதனால் வி வடிவ ஆறுக்கு மாறினார்கள்.

பெண்ணையும் இன்ஜினையும் ஒப்பிடும் வேலையை நான் இங்கே செய்யப்போவதில்லை. ஆண்கள் வேண்டிய அளவுக்குச் செய்து முடித்துவிட்டார்கள்.

அண்ணனிடம் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, நம் ஊரில் கணக்கு எழுதுவது மாதிரி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஏழு லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஏர் ஃபில்டர், மணல் காற்று அடித்தால் மறுநாளே. ரேடியேட்டர் தண்ணீர், தேதி. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு வரி: "பின்னாடி ஓஸ்." ஹீட்டருக்குப் போகிற ஒரு ரப்பர்க் குழாய் அது. இன்ஜினின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்கு முந்தைய தகரத்தை ஒட்டி ஒளிந்துகொண்டிருக்கும். பானட்டைத் திறந்தால் கண்ணுக்குப் படாது, கையை வளைத்து உள்ளே விட்டால்தான் தட்டுப்படும். சூட்டில் வெந்து வெந்து ஒருநாள் வெடித்தால் கூலன்ட் முழுதும் போய்விடும். தண்ணீர் இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போகும், பெரும்பாலும் ஆறாவது சிலிண்டர் பக்கம். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடிய இன்ஜினைக் கொல்ல ஒரு சாண் ரப்பர் போதும். "வெடிச்ச பொறவு மாத்துனா அது ரிப்பேரு. வெடிக்கிறதுக்கு முன்னாடி மாத்துனா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும் சிஸ்டர். மொதலாளி, 'வண்டி நல்ல வண்டி'ம்பான்" என்பார்.

எனக்கு அது மருத்துவமனை வார்டு மாதிரியே கேட்டது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போட்ட நோயாளிக்குப் புண் வரவில்லை என்றால் கேஸ் ஷீட்டில் எழுத ஒன்றும் இருக்காது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "நம்பகமான இன்ஜின்" என்று ஆண்கள் பேசிக்கொள்ளும்போது அந்த நோட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. நம்பகத்தன்மை உலோகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி யாரோ ஒருவரின் வெள்ளிக்கிழமை. அண்ணனின் வெள்ளிக்கிழமைகளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு காரின் நம்பகத்தன்மையை நெடுந்தூரம் ஓட்டிச் சோதித்த முதல் ஆள் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு, அம்மா வீட்டுக்கு, சுமார் 106 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். வண்டிக்குக் காசு போட்டதும் அவர் வீட்டுச் சீதனம்தான். காப்புரிமை கணவர் பெயரில் இருந்தது.

சவுதிக்கு வருகிறேன். அங்கே பெண்கள் கார் ஓட்டக் கூடாது. சவுதிப் பெண்கள் மட்டுமில்லை, வேலைக்கு வந்த நாங்களும்தான். 1990 நவம்பர் 6ஆம் தேதி ரியாத்தில் 47 பெண்கள் கார்களை எடுத்துக்கொண்டு தெருவில் ஓட்டினார்கள். பிடித்தார்கள், பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், வேலையில் இருந்தவர்களை நீக்கினார்கள். அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடை அதற்குப் பிறகு அரசு ஆணை ஆயிற்று. நான் போய் இறங்கியபோது அது நடந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. மருத்துவமனையில் ஒரு சவுதிப் பெண் டாக்டர் அந்த எண்ணை மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னார்: "ஸெவன் அண்ட் ஃபார்ட்டி." அரபியில் ஒன்றாமிடத்தை முதலில் சொல்வார்கள். நான் கைப்பேசி எண் என்று நினைத்துக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு முழுதையும் சொன்னார்.

எனக்கு அப்போது ஓட்டவும் தெரியாது. கீழ்க்கட்டளையிலிருந்து போன ஒரு கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பெண் காரை எங்கே பார்த்தாள்? சைக்கிள்தான். அதனால் எனக்கு இருந்த நிலைமை விசித்திரமானது. இன்ஜின் தெரியும், ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் ஓட்டக் கூடாது.

2001 ஜூலை. கத்தார் எல்லையான சல்வாவுக்குப் போகும் சாலையில் ஒரு முகாமை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், கோட்டயத்துக்காரச் சேச்சி ஒருத்தர், மணிலாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். மதியம் இரண்டரை. வெளியே 47 டிகிரி. அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார், கைப்பிரேக்கை இழுத்தார். அதன் பிறகு ஸ்டீரிங் மேல் சாய்ந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, முகாமில் வேலை நீண்டதில் சாப்பிடவில்லை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். குளுக்கோமீட்டர் 38 காட்டியது. மருந்துப் பெட்டியில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இருந்தது, நரம்பில் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் கண் திறந்தார். ஆனால் கை நடுங்கியது, பார்வை நிலைக்கவில்லை. பின்சீட்டில் படுக்க வைத்தோம். அந்த நிலையில் ஸ்டீரிங்கைப் பிடிக்க வைப்பது எந்த நர்ஸும் செய்யக்கூடிய காரியம் இல்லை.

ஆக, ஒரு கோளாறும் இல்லாத வண்டி. பாதிக்கு மேல் பெட்ரோல். நேரான, வெறிச்சோடிய சாலை. உலகத்திலேயே உறுதியான இன்ஜின்களில் ஒன்று, எங்கள் காலுக்கு முன்னால் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறது. சேச்சிக்குக் கேரளத்தில் எடுத்த லைசென்ஸ்கூட உண்டு. ஹோஃபுஃப் தொண்ணூறு கிலோமீட்டர். யாரும் அசையவில்லை. பிடிபட்டால் எங்களுக்கு வேலை போகும், ஊருக்கு அனுப்புவார்கள், அது ஒருபக்கம். எங்களை ஓட்ட விட்டதற்காக அண்ணனையும் பிடிப்பார்கள், அது சேச்சி சொன்னது. அண்ணனின் கைப்பேசியில் சிக்னல் இல்லை.

இன்ஜினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஏசி நிற்கும், அந்த வெயிலில் பூட்டிய தகரப் பெட்டிக்குள் ஒரு நோயாளியை வைத்திருக்க முடியாது. ஆனால் வண்டி நின்றுகொண்டு ஓடும்போதுதான் சூடு ஏறும், காற்று மோதாதே. ஏசி போட்டிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். இருபது நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மேலே நகர ஆரம்பித்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் மற்ற இரண்டு பேருக்கும் அந்த முள் என்னவென்று யாரும் சொன்னதில்லை. அந்த இன்ஜினில் ரேடியேட்டர் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் இன்ஜின் சுற்றிலேயே ஓடுகின்றன. சுற்றைக் கூட்டினால் காற்றும் கூடும், தண்ணீரும் வேகமாகச் சுற்றும். அண்ணன் முகாம் வாசலில் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த நாட்டில் ஏழு வருடத்தில் முதல்முறை. ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி முள்ளை 1,500 சுற்றில் நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் பழைய இடத்துக்கு வந்தது. காலை எடுத்தால் ஏறியது, வைத்தால் இறங்கியது. வைத்துக்கொண்டேன்.

ஐம்பது நிமிடம் கழித்து ஒரு சூடானிய லாரிக்காரர் நிறுத்தினார். அவர் இறங்கி வருவதற்குள் ரோந்து வண்டியும் வந்துவிட்டது. இளம் வயதுக் காவலர். பின்சீட்டு நோயாளியைப் பார்த்தார், ஏறியிருந்த ட்ரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோயாளியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் ஏன் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். மணிலாக்காரிக்குக் கொஞ்சம் அரபி வரும். வண்டி நியூட்ரலில் இருக்கிறது, ஓட்டவில்லை, காலை எடுத்தால் இன்ஜின் சூடாகும் என்று சொன்னாள். அவர் யோசித்தார். கெட்டவராகத் தெரியவில்லை, சட்டத்துக்கும் முள்ளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவராகத் தெரிந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். என்னைப் பின்னால் போகச் சொன்னார். லாரிக்காரரைக் கூப்பிட்டு அந்த இருக்கையில் உட்கார வைத்தார். அவர் தன் செருப்புக் காலால் அதே ஆக்சிலேட்டரை அதே அளவு அழுத்திக்கொண்டு, ரோந்து வண்டியின் வயர்லெஸ் சொல்லி மருத்துவமனையிலிருந்து வேறு வண்டி ஏற்பாடாகும்வரை, இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சுற்றில் வைக்க வேண்டும் என்று பின்னாலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை, விரலால் முள்ளைக் காட்டினேன்.

வண்டி அந்த எழுபது நிமிடத்தில் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அண்ணன் பிழைத்தார், அடுத்த வாரமே ஆயில் மாற்றினார். நோட்டில் அந்த நாளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே.

"நம்பகமானது" என்று ஒரு இன்ஜினைச் சொன்னால் அது யாருக்கு நம்பகமானது என்று நான் அன்றிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். தொழில்நுட்ப அட்டவணையில் சாவி யாரிடம் என்கிற பத்தி கிடையாது. சவுதி மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதி. 2006இல் நான் கீழ்க்கட்டளைக்குத் திரும்பி வந்தேன். இங்கே சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை. எங்கள் தெருவில் அப்போது ஐந்து வீடுகளில் கார் இருந்தது, ஒரு பெண்கூட ஓட்டவில்லை. இரண்டு கார்கள் பெண்கள் சம்பளத்தில் வாங்கியவை.

39 வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் கிளச்சை "இடதுகால் பெடல்" என்றார், அதற்கு மேல் சொன்னால் எனக்குக் குழப்பமாகிவிடுமாம். லைசென்ஸ் வாங்கியதும் 1998 மாடல் மாருதி 800 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதை எட்டாத குதிரைத்திறன். சுசூகியின் எஃப்8பி இன்ஜின். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லேண்ட் குரூசரின் ஒரே ஒரு சிலிண்டர் 746 சிசி. என் முழுக் காரும் அந்த வண்டியின் ஒரு சிலிண்டரைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஆனால் இன்னொரு உறவும் உண்டு, அதில் எனக்குச் சந்தோஷம். மூன்று சிலிண்டர் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் 120 பாகைதான். அப்படி ஒன்றை எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இன்னொன்றை முதுகோடு ஒட்டினால் வரிசை ஆறு கிடைக்கும். தனியாக இருக்கும்போது மூன்று சிலிண்டர் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். அந்த ஆட்டத்தைத்தான் மற்ற பாதி பிடித்து நிறுத்துகிறது. மாருதி சிக்னலில் நின்று நடுங்கும்போது, பாதி இன்ஜின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு டைமிங் பெல்ட் உண்டு. போன கைகள் அதை மாற்றினவா என்று தெரியாததால் முதல் வாரமே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "சார் வரலையா மேடம்?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். தம்பிக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். "பெல்ட்டு இப்ப அவசரமில்ல சார், மேடம் சும்மா பயப்படுறாங்க" என்று அவனிடம் சொன்னார். தம்பி ஒரு பேங்க் கிளார்க், அவனுக்குப் பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கவரைக் கழற்றுங்கள், நானே பார்க்கிறேன் என்றேன். பல்லுக்குப் பல் விரிசல் ஓடியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை அவரிடம்தான் விடுகிறேன், நல்ல கைக்காரர். இப்போதெல்லாம் பழைய பாகத்தைத் துணியில் சுற்றி, கேட்காமலே காட்டுகிறார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஏரி நிரம்பினால் தண்ணீருக்குத் தன் பழைய வழி ஞாபகம் வந்துவிடுகிறது, வழியில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். வடிந்த மறுநாள் காலையில் தெருவிலுள்ள ஆண்கள் எல்லாரும் சாவியோடு இறங்கினார்கள். ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று வாசலில் நின்று கத்தினேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராட் வளையும். மூன்று பேர் கேட்கவில்லை. அதில் இரண்டு இன்ஜின் போயிற்று. நான் பேட்டரி ஒயரைக் கழற்றினேன், மெக்கானிக் வரும்வரை நாலு நாள் காத்திருந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால்காபி நிறத்தில் வந்த ஆயிலை இரண்டு முறை மாற்றினோம். வண்டி எடுத்தது. எதிர்வீட்டுக்காரர் அன்று மாலை வந்து தம்பியிடம் கேட்டார், "நீங்க என்ன சார் பண்ணீங்க?"

அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை, கேட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தனியாக வந்து, "எனக்கு ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?" என்றார்.

2018 ஜூன் 24 அன்று சவுதியில் தடை நீங்கியது. அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து போன் பண்ணினார், சர்க்கரைக்கு ஒரு விரல் எடுத்தாயிற்று, குரல் அப்படியே இருந்தது. "இப்ப நீங்க போயி ஓட்டலாம் சிஸ்டர்." தடையை எதிர்த்துப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் அப்போது சிறையில் இருந்தார். தடை நீங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பிடித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் விட்டார்கள். உரிமையைக் கொடுக்கும்போதுகூட அதைக் கேட்டு வாங்கியதாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். அண்ணனிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த லேண்ட் குரூசர் என்ன ஆனது தெரியுமா என்று கேட்டார். தெரியாது. நான் கிளம்பும்போது நாலரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது, ஹெட் ஒருதரம்கூடக் கழற்றவில்லை.

எதிர்வீட்டம்மா இப்போது தனியாகக் குரோம்பேட்டை ஜி.எச். வரை ஓட்டுகிறார், மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக. அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மெட்ரோ வேலையால் மெயின் ரோட்டில் பகலில் பழக முடியாது, ஞாயிறு விடியற்காலையில் உள்தெருக்களில் ஓட்டுகிறோம். முதல் இரண்டு வாரம் சாவி தருவதில்லை. பானட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எந்த ஓஸ் எங்கே போகிறது என்று தொட்டுச் சொல்ல வேண்டும். அலுத்துக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒருத்தி, தையல் வேலை செய்கிறவள், டிப்ஸ்டிக்கைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் விட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு" என்றாள். இருந்தது. பெட்ரோல் பங்க் திறக்கும்வரை காத்திருந்து அரை லிட்டர் ஊற்றினோம்.